ராணித் தாய்மார் ஆட்சி: ஐரோப்பிய வரலாற்றுத் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு

எம்.ஏ. வரலாற்றில் ஐரோப்பியத் தாளுக்குப் படிக்கிறவர்கள் சிறுவனான மன்னருக்காக ஆட்சி நடத்திய பிரான்சின் ராணித் தாய்மார்களை ஆளுக்கொரு குறிப்பாக மனப்பாடம் செய்ய வேண்டாம். பரீட்சை ஹாலில் கேத்தரின் (ஒன்பதாம் சார்லஸின் தாய்), மேரி (பதின்மூன்றாம் லூயியின் தாய்), ஆன் (பதினான்காம் லூயியின் தாய்) மூவரும் கலந்துபோவார்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: இந்தச் சிறுவன் இறந்தால் அடுத்த மன்னர் யார்?

சாலிக் சட்டத்தின்படி பிரான்சில் பெண் அரியணை ஏற முடியாது. சித்தப்பாவிடம் ஆட்சிப் பொறுப்பைக் கொடுத்தால், பையனுக்கு ஏதாவது ஆனால் கிரீடம் அவருக்கே போகும். தாய்க்கோ மகன் உயிரோடு இருக்கும்வரைதான் அதிகாரம். அவளை அரியணையிலிருந்து விலக்கிய சட்டமே அவளை நம்பத்தக்க அரசப் பிரதிநிதி (மன்னருக்குப் பதிலாக ஆள்பவர்) ஆக்கியது. இதை விளக்கத் தெரிந்தால் பாதி விடை முடிந்தது.

உதாரணத்துக்கு 1643ஐ நன்றாகப் படியுங்கள். பதின்மூன்றாம் லூயிக்கு மனைவி ஆன் மேல் நம்பிக்கை இல்லை. அவர் எதிரி நாடான ஸ்பெயினின் மன்னருக்கு அக்கா. பிரதிநிதி என்ற பெயரை மட்டும் அவருக்குக் கொடுத்து, முடிவெடுப்பதை ஒரு சபையின் பெரும்பான்மைக்கு விட்டார். மே 14இல் மன்னர் இறந்தார். மே 18இல் ஆன், ஐந்து வயதுகூட நிரம்பாத மகனைப் பாரிஸ் பார்லெமானுக்கு அழைத்துப் போனார். அது சட்டமன்றம் அல்ல, நீதிமன்றம். மைத்துனர் காஸ்தோனும் சம்மதிக்க, முழு அதிகாரம் ஆனுக்கு வந்தது. அன்றே கர்தினால் மசாரின் முதலமைச்சர். அப்படி அதிகாரம் வழங்கிய அதே நீதிமன்றம்தான் 1648இல் அரசின் வரி ஆணைகளை எதிர்த்து நின்றது. அதிலிருந்து வெடித்த, அரசுக்கு எதிரான ஃப்ராண்ட் கலகத்தை இங்கிருந்து எழுதுங்கள், விடை தானாக ஓடும்.

மேரிக்கு ஒரு வரி போதும்: 1610 மே 13இல் முடிசூட்டு, மறுநாள் கணவர் நான்காம் ஹென்றி குத்திக் கொல்லப்பட, அன்றே பிரதிநிதி. கேத்தரினிடம் கவனிக்க வேண்டியது வேறு. ஒன்பதாம் சார்லஸ் 1563இல், 13 வயதில், வயது வந்தவராக அறிவிக்கப்பட்டார். சட்டப்படி தாயின் பொறுப்பு அன்றோடு முடிந்தது. ஆனால் நடைமுறையில் அதன் பிறகும் ஆட்சி கேத்தரின் கையில்தான்.

அப்புறம், கூடுதல் மதிப்பெண் வேண்டும் என்றால் ஸ்பெயினைச் சேருங்கள். அங்கே பெண்கள் அரியணை ஏறலாம். ஆனாலும் 1665இல் நான்காம் ஃபிலிப்பின் உயில், மனைவி மரியானாவைப் பிரதிநிதியாக்கி, கூடவே ஓர் ஆட்சிக் குழுவையும் வைத்தது. சாலிக் சட்டத்தை மட்டும் காட்டி எல்லா நாட்டையும் விளக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.