கார்த்திகையில் கரையேறும் வள்ளமும் உப்பு ஜாடியும்

கார்த்திகை பிறந்ததும் எங்கள் வள்ளம் கரையேறிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வாடைக்காற்று எடுத்துவிட்டால் இந்தப் பக்கம் கடல் கலங்கிப் போகும். சேறும் கடல் தாழை என்கிற கடற்புல்லும் கரையில் வந்து குவியும். இடையில் காற்று ஓய்ந்த நாட்களில் போகிறவர்கள் போவார்கள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நெல் இருப்பதால் அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் வயலோடு சரி. பொங்கல் கழிகிற வரை 28 அடி ஃபைபர் வள்ளம் பூவரச மரத்துக்குப் பக்கத்தில் கட்டைகள் மேல் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இதை எழுதுவதற்குக் காரணம் 2020இல் நாங்கள் இழந்த ஒரு பாய்மரப் பாய்.

அந்த வருஷம் புது தார்ப்பாய் வாங்கினோம். நல்ல கனமான தார்ப்பாய். விற்றவர், காற்றே புகாமல் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஒரு பொட்டு ஈரம் போகாது என்று சொன்னார். நானும் நம்பினேன். வள்ளத்தைச் சுற்றித் தரை வரைக்கும் இழுத்து, மணல் மூட்டை வைத்து, கயிறு போட்டுக் கட்டினோம். டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் வந்தது. கரையைக் கடந்து போய்விடும் என்று பார்த்தால், எங்கள் மாவட்டக் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் கிடந்தது. நாள் கணக்கில் மழை. தார்ப்பாய் கிழியவில்லை, ஒழுகவில்லை. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

தை பிறந்து கயிற்றை அவிழ்த்தபோது முதலில் வந்தது நாற்றம்தான். பூட்டிக் கிடந்த வீட்டில் ஊறிப்போன சாக்கு வைத்திருந்தால் எப்படி அடிக்கும், அப்படி. வள்ளத்தின் உட்பக்கம் முழுக்கச் சாம்பல் பச்சையாகப் பூத்திருந்தது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளில் மிளகு தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். தட்டுப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தோம். பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூசணம். அணியத்து அறையில், அதாவது வள்ளத்தின் முன்பக்க அறையில், மாமாவின் பாயை மடித்து வைத்திருந்தேன். மாமா என்றால் என் மாமனார். இந்தப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அதற்கு அவர் வயசுக்காலத்தில் ஓட்டிய பருத்திப் பாய் அது. மடிப்பை விரித்தேன். மடித்த கோட்டில் அப்பளம் மாதிரி விட்டுப் போனது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கிழிந்த துண்டைக் கையில் வாங்கி, விளிம்பில் இருந்த தையலை மட்டும் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்காரர் தென்னை நார் பிரஷை எடுத்து வள்ளத்தைக் காய்ந்தபடியே தேய்த்தார். தூசியாகப் பறந்தது. நாலு நாள் இரைப்பில் படுத்தார். பூசணத்தை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அதன் வித்துகள் காற்றில் ஏறி மூக்குக்குள் போகும், நல்ல இடத்திலும் போய் உட்காரும். மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். துணியை ஒவ்வொரு முறையும் அலச வேண்டும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சரி, மழைத்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. பின்னே ஈரம் எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் என் அம்மா வீட்டில் கிடைத்தது. அம்மா வீடு வாலிநோக்கம் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் அடுப்படியைக் காட்டி, "ஜாடியில போய்க் கை வை" என்றார். வைத்தேன். கல் உப்பு நசநசவென்று இருந்தது. ஜாடிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கார்த்திகை, மார்கழியில் நம் எல்லார் வீட்டு உப்பும் அப்படித்தான் கசியும். "உங்க வள்ளமும் ஒரு உப்பு ஜாடிதாம்மா. மூடியைப் போட்டு இறுக்கிட்டீங்க" என்றார்.

உப்பு காற்றிலிருந்தே தண்ணீரைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு கசிய ஆரம்பிக்கும். கடல் தண்ணீரில் அந்த உப்பு மட்டும் இல்லை, கசப்பான மெக்னீசிய உப்பும் இருக்கிறது. அது அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்து வெளியே விடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் அப்பா. கடல் தண்ணீர் பட்டுக் காய்ந்த கயிற்றில், ஜாக்கெட்டில், பலகை இடுக்கில் இரண்டு உப்பும் அப்படியே தங்கியிருக்கிறது. வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும். இரவானால் மறுபடி ஈரமாகும்.

நம்பாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நான் செய்தேன். நங்கூரக் கயிற்றில் ஒரு முழம் அளவில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். இன்னொன்றை அப்படியே விட்டேன். இரண்டையும் ஒரே வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டு, மாலையில் கொட்டகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். காலை 6 மணிக்குப் போய்ப் பார்த்தால் அலசிய கயிறு விறைப்பாக, கையில் சொரசொரவென்று இருந்தது. அலசாத கயிறு துவண்டு தொங்கியது. பிழிந்தால் சொட்டாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது, நாக்கில் வைத்தால் கரித்தது. ஒரே கொட்டகை, ஒரே காற்று.

பூசணத்துக்கு வேண்டியது ஈரம், இரை, அசையாத காற்று. ஃபைபர் அதற்கு இரை இல்லை. ஃபைபர் மேல் படிந்திருக்கும் மீன் கவிச்சி, ரத்தம், இரைத் துணுக்கு, வியர்வை, எண்ணெய், தூசி எல்லாம்தான் இரை. பருத்தியும் மரமும் என்றால் அவையே இரை. நாங்கள் உப்பையும் கவிச்சியையும் உள்ளே வைத்து, காற்று வராமல் கட்டிக் கொடுத்திருந்தோம். அதைவிட நல்ல இடம் பூசணத்துக்குக் கிடைக்காது.

அப்படியானால் கழுவு என்பதுதான் பதில். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வள்ளத்தை நல்ல தண்ணீரில் கழுவு என்று சொல்வது லேசான பேச்சு இல்லை. குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக விலை கொடுத்து வாங்குகிற ஊர் இது. போர் போட்டால் உவர் தண்ணீர். அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பை வைத்த கதைதான். இரண்டு வருஷம் யோசித்துவிட்டு இப்போது வானத்தை நம்புகிறேன். கார்த்திகை பிறந்து முதல் நல்ல மழை இறங்கும்போது வள்ளத்தை ஏற்கெனவே கரையேற்றி, அணியத்தை ஒரு முழம் உயர்த்தி, பின்பக்கம் அடியில் உள்ள வடிகால் ஓட்டையின் அடைப்பைக் கழற்றி, ஒரு மூடி இல்லாமல் திறந்து போட்டுவிடுகிறோம். மழை பெய்யப் பெய்ய நானும் வீட்டுக்காரரும் சோப்புத் தூளும் பிரஷுமாக ஏறித் தேய்ப்போம். அழுக்கு பின்பக்கமாக ஓடிவிடும். கயிறு, ஜாக்கெட், பலகை எல்லாம் கொல்லையில் மழையில் கிடக்கும். அடுத்த மழையில் மறுபடி ஒரு அலசல். ஊருணி நிறைந்திருந்தால் கடைசியாக நாலைந்து குடம் அங்கிருந்து கொண்டுவந்து அறைகளுக்குள் ஊற்றி வடிப்போம். அந்த அடைப்பைக் கழற்ற மறக்கவே கூடாது. அது இருந்தால் ஒரே இரவு மழையில் வள்ளம் தொட்டியாகிவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒரு மழைக்கு முன்னால் எதுவும் தாங்காது.

நண்டு வலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நைலான் மட்காது என்று சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். நைலான் மட்காது, ஆனால் அதில் சிக்கியிருக்கும் நண்டுக் கால், ஓட்டுத் துண்டு, தாழை எல்லாம் மட்கும். நான் வலையை முழுசாக விரித்து, கையால் பொறுக்கி எடுத்த பிறகுதான் அலசுவேன். ஒரு வலைக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைக் கொடுத்தால் தை மாதம் மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை.

அப்புறம் மூடுவது. மாமா காலத்தில் வத்தை என்கிற மரப் படகைக் கரையேற்றினால் பனை ஓலைதான் போடுவார்களாம். உப்பளத்தில் மழைக்கு முன் உப்புக் குவியலுக்கு ஓலை வேய்வதை நானும் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓலை தண்ணீரை வழித்துவிடும், காற்றை விடும். தார்ப்பாய் இரண்டையும் தடுக்கும். தரையிலிருந்து எழும் ஆவி அதன் உட்பக்கத்தில் பட்டு, விடியற்காலையில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக வள்ளத்துக்குள்ளேயே விழும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குப் படகைப் பிளாஸ்டிக் உறையால் சுருக்கிப் போர்த்துகிறவர்கள்கூட அதில் காற்றுத் துளைகள் வைக்கிறார்கள் என்று பின்னால் ஒரு காணொளியில் பார்த்தேன். அந்தத் துளைதான் எங்கள் தார்ப்பாயில் இல்லாமல் போனது.

இப்போது செய்வது இதுதான். பழைய பாய்மரக் கம்பை வள்ளத்துக்கு மேலே முகட்டுக் கம்பாக நீளவாக்கில் கட்டி, அதன் மேல் தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி போடுகிறோம். இரண்டு பக்கமும் வள்ளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துக் கட்டுவோம், விளிம்பில் ஒட்டவிடுவதில்லை. நடுவில் ஒன்றரை முழம் இடைவெளி இருக்கும். முன்னும் பின்னும் திறந்த வாயில் பனை ஓலைத் தட்டி. வாடை அடிக்கும்போது சாரல் ஓலையில் உடைந்துவிடும், காற்று உள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் தார்ப்பாயைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, வள்ளத்தை மரத்தோடு கட்டிவிடுவோம். நனைந்தால் நனையட்டும், ஓட்டைதான் திறந்திருக்கிறதே.

உள்ளே அறை மூடிகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியின் மூடிக்கு நடுவில் ஒரு குச்சி. பலகைகள் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி. ஜாக்கெட்டுகள் வீட்டுக்குள் கொடியில். ஜிபிஎஸ் கருவி மட்டும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு. அந்தப் பொட்டலத்தை நாலா பக்கமும் திறந்த வள்ளத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை, கடல் காற்றையே அது குடித்துத் தீர்க்க முடியாது.

பிளீச்சிங் பவுடர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஃபைபர் மேல் கறை போகக் கொஞ்சமாகக் கரைத்துத் துடைக்கலாம், உடனே நன்றாகக் கழுவிவிட வேண்டும். நைலான் கயிற்றிலும் வலையிலும் அது படக் கூடாது, இழை வலுவிழந்துவிடும். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. டீசல் தொட்டுத் துடைக்கிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், அப்புறம் அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும்.

ஆன்லைனில் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வள்ளத்துக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். இன்று காலை 6 மணிக்கு 89 சதவீதம் காட்டியது, மதியம் வெயில் வந்த பிறகு 70. பூசணம் வளரவே கூடாது என்றால் 60க்குக் கீழே இருக்க வேண்டும். கார்த்திகையில் இந்தக் கரையில் அது நடக்காது. அதனால்தான் வெயில் முகம் காட்டுகிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை நான் விடுவதில்லை. எந்த வேலை இருந்தாலும் போய்த் தட்டியை எடுத்துவிட்டு, பலகைகளைத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். நனைந்தது எதுவும் இரண்டு நாளுக்கு மேல் நனைந்தபடி கிடக்கக் கூடாது என்பது என் கணக்கு. இந்த நாலு வருஷத்தில் வள்ளத்துக்குள் பூசணம் என்று நான் துடைத்தது, போன வருஷம் அணியத்து அறையின் மூலையில் ஒரு உள்ளங்கை அளவு மட்டும்.

மாமாவுக்குப் புதுப் பாய் ஒன்று தைத்துக் கொடுத்தோம். போட்டிக்கு அக்கா மகன் அதைக் கட்டிப் போகிறான். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவது நான். விலைக்கு வாங்கிய தண்ணீர்தான், அதில் நான் கணக்குப் பார்ப்பதில்லை. மடிப்பது இல்லை. திண்ணைக்கு மேலே இரண்டு உத்தரத்துக்கு நடுவில் மூங்கில் கட்டி அதில் போட்டிருக்கிறோம். மழை நாட்களில் மாமா சாயங்காலம் கைத்தடியை ஊன்றி எழுந்து, எட்டுகிற ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்து, விரலை மோந்து பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, "காஞ்சிருக்கு" என்பார்.