கூத்து இரவுக்கு ஒரு சின்னக் கேமரா

போன வைகாசியில் அம்மா ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். ராத்திரி பத்து மணிக்குத் தொடக்க வாத்திய முழக்கமான மேளக்கட்டு தொடங்கினால் விடிய விடியக் கூத்து. நாலு இரவும் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து போனில் படம் எடுத்தேன். நின்று பாடும்போது எடுத்தவை நன்றாகவே வந்தன. ஆட ஆரம்பித்ததும் எல்லாம் போச்சு. கிரீடம் தெரிகிறது, அதற்குக் கீழே முகம் கரைந்து கிடக்கிறது. தோளில் கட்டும் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெள்ளைக் கோடுகளாக இழுத்திருக்கின்றன. பல படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு.

போனின் நைட் மோடு அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது அருமையான வேலை. கிறிக்கி அடித்துச் சுழல்கிற ஆளுக்கு அது ஆகாது. அடுத்த திருவிழாவுக்குள் இதற்கென்றே ஒரு கேமரா வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பெரிய கேமரா வேண்டாம் என்பதிலும் தெளிவாக இருந்தேன். சட்டைப் பையிலோ இடுப்பிலோ அடங்குகிற ஒன்றை வைத்திருந்தால்தான் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார முடியும். நீளமான லென்ஸை நீட்டினால் பின்னால் இருக்கிற பாட்டிக்கு மறைக்கும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேறு நம்மைப் பார்த்தே வசனம் பேச ஆரம்பித்துவிடுவார்.

மாசி, முதல் வாரம்

மாமாவிடம் பத்து வருடப் பழைய காம்பேக்ட் ஒன்று சும்மா கிடந்தது. முதலில் அதையே சோதித்துப் பார்த்தேன். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு அகல் ஏற்றி, ஓரடி தூரத்தில் அம்மாவை உட்கார வைத்தேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்ற எண்) 1600, லென்ஸ் முழுக்கத் திறந்து எஃப்/3.1 (இந்த எண் சின்னதானால் திறப்பு பெரிது). அதற்கே ஷட்டர் 1/8 நொடி திறந்திருக்கக் கேட்டது. அம்மா மூச்சு விட்டாலே படம் கலங்குகிறது. ஐஎஸ்ஓ 6400 வரை போகும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள், போகத்தான் செய்கிறது. ஆனால் அம்மாவின் நெற்றிச் சுருக்கம் மெழுகு தடவிய மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று கேமரா தோலையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஜூம் செய்தால் எஃப்/5.9. அதற்கு மேல் பேச்சே இல்லை.

அந்தக் கேமராவில் வெளிச்சத்தைப் பதியும் சென்சார் 1/2.3 அங்குல வகை. அகலம் 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. பரப்பு 28 சதுர மி.மீ. ‘ஒரு அங்குல’ சென்சார் என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு அங்குலம் இல்லை, 13.2 × 8.8 மி.மீ. தான். ஆனாலும் பரப்பில் நாலு மடங்கு. மழையில் தம்ளர் வைப்பதற்கும் குண்டான் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. 2012-ல் சோனி ஆர்எக்ஸ்100 இந்த அளவு சென்சாரைச் சட்டைப் பையில் அடங்கும் கேமராவுக்குள் கொண்டுவந்தது. இருட்டுப் படங்களுக்குக் கையடக்கக் கேமரா தேடுகிறவர்களுக்கு அதிலிருந்துதான் நல்ல காலம் என்பேன்.

அதற்கு முன்பும் ஒன்று இருந்தது. 2006-ல் ஃபியூஜி எஃப்30, அதே வருடம் எஃப்31எஃப்டி. மற்றவர்கள் மெகாபிக்சலை ஏற்றிக்கொண்டே போனபோது அவர்கள் 6 மெகாபிக்சலோடு நிறுத்தி, ஐஎஸ்ஓ 3200 வரை கொடுத்தார்கள். அந்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழையது கிடைத்தாலும் அதற்கான எக்ஸ்டி கார்டு இப்போது தயாரிப்பில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மாசி, மூன்றாவது வாரம்

கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் தன்னுடைய ரிக்கோ ஜிஆர் 2-ஐ ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். ஒரு அங்குல வகையை விடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வை (மி.மீ. குறைந்தால் அகலம், கூடினால் நெருக்கம்), எஃப்/2.8. கையில் எடுத்ததும் பிடித்துப்போனது. இதையே வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஏபிஎஸ்-சியின் பரப்பு சுமார் 370 சதுர மி.மீ., ஒரு அங்குல வகையின் பரப்பு 116. மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ஒரு அங்குலக் கேமராக்களின் லென்ஸ் எஃப்/1.8-ல் தொடங்குகிறது. எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும்: எஃப்/2.8-ஐ விட எஃப்/1.8 சுமார் 2.4 மடங்கு வெளிச்சம் விடும். பெரிய சென்சாரின் லாபத்தில் பெரும்பகுதி லென்ஸிலேயே கழிந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒன்றே கால் மடங்கு சொச்சம். அகல் விளக்குச் சோதனையிலும் கண்ணால் பார்க்க அவ்வளவுதான் வித்தியாசம் தெரிந்தது.

இந்தக் கணக்குதான் என் தேடலைத் திருப்பியது. கேமராவின் மேல் எழுதியிருக்கும் எஃப்/1.8 என்பது அகலப் பார்வைக்கு மட்டும். நான் உட்காரும் இடத்திலிருந்து நடிகரின் முகத்துக்கு 70 முதல் 100 மி.மீ. பார்வை வேண்டும். அந்த இடத்தில் லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதே எனக்கு முக்கியம். முதல் ஆர்எக்ஸ்100 100 மி.மீ.-ல் எஃப்/4.9. அதாவது தொடக்கத்தில் வரும் வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு. மார்க் 3-ல் எஃப்/2.8 வரைதான் சுருங்கும், ஆனால் ஜூம் 70 மி.மீ.-ல் நின்றுவிடும். பானசோனிக் எல்எக்ஸ்100-க்கு இன்னும் பெரிய சென்சார், எஃப்/1.7–2.8. வெளிச்சக் கணக்கில் அதுதான் முதலிடம். ஆனால் எடை 400 கிராமை ஒட்டி, லென்ஸும் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், ஜூம் 75 மி.மீ. வரைதான். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 ஒரு அங்குல சென்சாரோடு 24-லிருந்து 100 மி.மீ. வரை எஃப்/1.8–2.8. கூத்துக்கு இதுதான் என்று தோன்றியது.

ஒரு தயக்கம் இருந்தது. ஆர்எக்ஸ்100 மார்க் 3-ல் கண்ணை வைத்துப் பார்க்கிற, மேலே எழும்பும் வியூஃபைண்டர் உண்டு, கேனானில் கிடையாது. இருட்டில் திரை பளபளவென்று எரிந்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தொல்லை. இரண்டு நாள் யோசித்தேன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், லென்ஸைப் பெரிதாக்கிக்கொள்ள முடியாது. கேனானே என்று முடிவானது.

பங்குனி, முதல் வாரம்

புதிதாக வாங்கும் விலை எனக்குக் கட்டுப்படி ஆகாது. பழையதாக மூன்று கேமராக்களைப் போய்ப் பார்த்தேன். ஒரு விற்பனையாளர் “சார், கீறலே இல்ல, டப்பாவோட இருக்கு” என்று காட்டினார். லென்ஸை எஃப்/11-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினேன். வலது மூலையில் மூன்று சாம்பல் நிறப் பொட்டுகள். உள்ளே தூசி. இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது, பிரித்துத்தான் துடைக்க வேண்டும். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பழையது வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூன்றாவதாகப் பார்த்தது சுத்தமாக இருந்தது. மூலையில் பெயின்ட் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். 28,000 ரூபாய். கூட இரண்டு பேட்டரி வாங்கினேன். நிறுவனக் கணக்குப்படியே ஒரு பேட்டரிக்கு 265 படம்தான், ஒரு ராத்திரிக்குப் போதாது.

அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் மகளைச் சுற்றி ஆடச் சொன்னேன். ஸ்டெபிலைசேஷன் போட்டு 1/10 நொடியில் எடுத்தால் பின்னால் அலமாரியில் உள்ள புத்தகத் தலைப்பு படிக்கக் கிடைக்கிறது, மகள் மட்டும் புகையாக இருக்கிறாள். அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஆடுகிறவரைப் பிடிக்காது. 1/60-ல் முகம் ஓரளவு தெரிந்தது. 1/125-ல் முகம் கூர்மை, விரல் நுனி மட்டும் லேசாக ஓடியது. எனக்கு அதுதான் அழகு. 1/250-ல் பாவாடை மடிப்புகூட நின்றுவிட்டது.

பங்குனி, கடைசி வாரம்

பக்கத்து ஊரில் ஒரு ராத்திரிக் கூத்து. ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று போனேன். முன்கூட்டியே கூத்துக் குழுவின் வாத்தியாரைப் பார்த்து அனுமதி கேட்டேன்.

“எடுங்க தம்பி. பளிச்சுன்னு அடிக்கற லைட்டு மட்டும் வேணாம். கண்ணு கூசிச்சின்னா அடவு தப்பிடும்.”

“ஃபிளாஷ் போட மாட்டேங்க வாத்தியாரே.”

ஃபிளாஷை அணைத்திருந்தேன். ஆனால் ஃபோகஸுக்கு உதவுகிற சின்ன விளக்கு ஒன்று கேமராவில் இருப்பதை மறந்துவிட்டேன். முதல் படத்திலேயே அது எரிந்தது. பாடிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். உடனே அணைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போனது அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. இடைவேளையில் அவரைத் தேடிப்போய் வருத்தம் சொன்னேன்.

அடுத்த சிக்கல், வெளிச்சத்தை அளக்கிற மீட்டர். நடிகருக்குப் பின்னால் கும்மிருட்டு. கேமரா அந்தக் கறுப்பை எல்லாம் சாம்பலாக்கப் பார்த்து, அரிதாரம் பூசிய முகத்தை வெளுக்கடித்துவிடுகிறது. எல்லா அளவையும் நானே வைக்கிற மேனுவலுக்கு மாறினேன். அதிலும் சிவப்பு தனியாகத் தொந்தரவு செய்தது. மேடையில் ஒரு சிவப்பு எல்இடி ஃபோகஸ் லைட், நடிகரின் முகத்திலும் சிவப்பு அரிதாரம். கேமரா காட்டும் மொத்த வெளிச்ச வரைபடத்தைப் பார்த்தால் சரியாக இருக்கிறது, பெரிதாக்கினால் கன்னம் ஒரே சிவப்புத் திட்டு, கண்ணுக்குக் கீழே வைத்த வெள்ளைப் புள்ளிகளைக்கூடக் காணோம். வழக்கத்தை விட முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இருட்டாக எடுத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் பிறகு தூக்கியபோதுதான் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்த மாதிரி இடத்தில் ஜேபெக் மட்டும் எடுப்பது வீண்.

போனில் விழுந்த கறுப்புப் பட்டைகளுக்கும் அன்றுதான் விடை தெரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய ட்யூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். போன் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் மங்கிய நேரம் பட்டையாக விழுகிறது. இந்தக் கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, படம் முழுக்க ஒரே நேரத்தில் பதிகிறது, பட்டை இல்லை. ஆனால் 1/250-ல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் பிரகாசம், அடுத்தது மங்கல். 1/100 வைத்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடுவதால் எல்லாப் படமும் ஒரே மாதிரி. அதனால் 1/100-ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டேன். கிறிக்கிக்கு மட்டும் 1/250, ஐஎஸ்ஓ 4000, தொடர் ஓட்டம். அதில் பிரகாசமானவற்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வைகாசி

அம்மா ஊரில் இந்த வருடம் துகில் உரிதல் அன்று போனேன். ஒன்பது மணிக்கே அரிதாரம் பூசும் கொட்டகைக்குள் இருந்தேன். கயிற்றில் தொங்கும் ஒரே ஒரு குண்டு பல்பு. துச்சாதனன் வேடம் கட்டுகிறவர் இடது கையில் உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஈர்க்குச்சியால் புருவத்துக்கு மேல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சை நிறுத்துகிறார். அந்த நேரம் அவர் அசைவதில்லை, நானும் மூச்சை நிறுத்தினேன். எஃப்/1.8, 1/50, ஐஎஸ்ஓ 1600. குச்சி நுனியில் நிற்கிற வெள்ளைத் துளி வரை படத்தில் இருக்கிறது.

நள்ளிரவுக்குப் பிறகு துச்சாதனன் வரவு. இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை. இருட்டில் ஃபோகஸ் தேடித் தேடித் தடுமாறும் என்பது ஒத்திகையில் தெரிந்திருந்ததால், திரையின் ஓரத் தையலில் ஃபோகஸை வைத்துப் பூட்டிவிட்டேன். முகவீணைக் குழல் ஏறுகிறது, மிருதங்கம் விரைகிறது, திரைக்கு மேலே கிரீடம் மட்டும் குதிக்கிறது. திரை விலகிய கணத்தில் எட்டுப் படங்கள். மூன்றாவதில் திரை ஒரு பக்கம் காற்றில் மிதக்கிறது, இவர் வாய் திறந்திருக்கிறது, கண் விழி முழுதும் வெள்ளையாகத் தெரிகிறது, புஜக்கட்டையின் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. 100 மி.மீ., எஃப்/2.8, 1/250, ஐஎஸ்ஓ 4000. தலைமுடிக் கறுப்பில் நிறப்புள்ளிகள் இருந்தன. ரா ஃபைலில் நிறத்தை மட்டும் துடைத்துவிட்டு மணல் மாதிரி இருந்ததை அப்படியே விட்டேன், மண்ணில் நடக்கிற கூத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

மூன்றாவது பேட்டரி பாதியில் இருக்கும்போது கிழக்கு வெளுத்தது. கொட்டகைக்குப் பின்னால் திரௌபதி வேடம் கட்டியவர் தேங்காயெண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் பாஞ்சாலி, பாதி முகம் அவர். ஐஎஸ்ஓ 200-க்கு இறங்கிவிட்டிருந்தது. திரையில் காட்டினேன். எண்ணெய்க் கையோடு கேமராவைத் தொடாமல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல ஒண்ணு குடுங்க தம்பி, வூட்ல மாட்டணும்.”

பன்னிரண்டுக்கு எட்டு அளவில் இரண்டு பிரதி ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை கிடைக்கும்.