செட்டில்மென்ட் பணம் 50 லட்சம்: எது எங்கே போகணும்?

மணலி, எண்ணூர் பக்கத்துக் கம்பெனிகளில் 58 வயதில் வெளியே வந்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து மொத்தமாகக் கைக்கு வரும். உடனே "எதுல வட்டி ஜாஸ்தி?" என்ற பேச்சுதான். எந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்பதைத்தான் முதலில் கேட்கணும்.

கையில் 50 லட்சம், கடன் இல்லை, பென்ஷன் போக வீட்டுக்கு மாதம் 30,000 வேணும் என்று வைத்துக்கொள்வோம்.

30 லட்சம் போஸ்ட் ஆபீஸின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு. உச்சவரம்பே அதுதான். 60 முடியட்டும் என்று 2 வருடம் காத்திருப்பவர்கள் நிறைய. தேவையில்லை. 55 தாண்டி ஓய்வு பெற்றவர், பணம் வந்த 3 மாதத்துக்குள், கம்பெனி கொடுத்த சான்றோடு போனால் கணக்குத் தொடங்கலாம். போடும் தொகை ஓய்வுப் பணத்தைத் தாண்டக் கூடாது. 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை மாற்றலாம் என்றாலும், சேரும் நாளில் இருக்கும் வட்டிதான் 5 வருடமும். 8.2 என்றால் 3 மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500. எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. அதனால் சேமிப்புக் கணக்கில் தானாக வரும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியையும் பிடித்துக்கொள்வார்கள். பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இதில் போட்டுவிட்டு முழிப்பது இதனால்தான்.

மாதம் 9,500 குறைகிறதே? அதற்கு 5 லட்சம் லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட், வேண்டும்போது எடுக்கலாம்). வருடத்துக்கு 1,14,000 வீதம் 4 வருடம் தாராளமாக வரும். 3 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு: வங்கி எஃப்.டி., இரண்டு மூன்றாகப் பிரித்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மனைவி பெயரையும் சேர்த்து.

மீதி 12 லட்சம்தான் விலைவாசிக்குப் பதில் சொல்லும் பணம். அந்த 20,500 ஐந்து வருடமும் அதே 20,500தான். மீன் விலை அப்படி நிற்காது. இதை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) வைக்கலாம், 7 வருடமாவது விட முடியும் என்றால். ஒரே நாளில் போடாமல் லிக்விட் ஃபண்டில் வைத்து மாதம் ஒரு லட்சமாக 12 மாதத்தில் மாற்றுங்கள். இப்படி ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாதாமாதம் மாற்றுவதுதான் எஸ்.டி.பி.; இது ஒரே ஃபண்ட் கம்பெனிக்குள்தான் நடக்கும், அதனால் இரண்டையும் அங்கேயே எடுக்கணும். ஏஜென்ட் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் பிளானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலரில் 1 சதவீதம் கூடுதல் செலவு என்றால் 12 லட்சத்துக்கு வருடம் 12,000 கமிஷனாகப் போகும்.

சந்தை ஏறிய வருடம் இண்டெக்ஸில் கொஞ்சம் விற்று லிக்விடை நிரப்பணும். வாங்கி ஒரு வருடம் கடந்திருந்தால் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. இறங்கிய வருடம் தொடாதீர்கள். 4 வருடச் செலவை வெளியே வைத்ததே அதற்குத்தான். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: இறங்கியதும் பயந்து எடுத்து ஏலச் சீட்டில் போடுகிறார்கள், பதிவு செய்த சீட்டா என்றுகூடக் கேட்காமல்.

இன்னொன்று. எஃப்.டி. போடப் போன இடத்தில் "இதுவும் எஃப்.டி. மாதிரிதான் சார்" என்று இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்து வாங்கியிருந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் ரத்து கேளுங்கள். சின்னப் பிடித்தம் போக மீதி திரும்ப வரும். யூலிப் (இன்சூரன்ஸும் முதலீடும் சேர்ந்த பாலிசி) என்றால் அந்த நாள் தாண்டியபின், பாலிசி தொடங்கி 5 வருடம் முடியும் வரை பணம் வெளியே வராது.