லோயர் ஆர்ம் புஷ் மாற்றினேன்: போல்ட்டை எப்போது இறுக்குவது?

எங்கள் வீட்டுப் பழைய ஹேட்ச்பேக்கின் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) வேலை இந்த வாரம் முடிந்தது. கோபியிலிருந்து சத்தி போகிற வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது பக்கம் 'டொக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங்கும் லேசாக இழுக்கும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றுதான் பலரும் சொன்னார்கள். சக்கரத்தைக் கழற்றி, ஆர்ம் பக்கம் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். ஆர்மைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில் இருக்கும், நடுவில் இரும்புக் குழாய் வைத்த ரப்பர் உருளைதான் புஷ். பின்பக்கப் புஷ்ஷின் ரப்பர் பாதிக்கு மேல் பிளந்திருந்தது.

சக்கரம் மேலும் கீழும் தாராளமாகப் போக வேண்டும், ஆனால் முன்னே பின்னே நகரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஆர்மின் வேலை. எல் எழுத்து வடிவில் இருக்கும் இதன் ஒரு முனை பால் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் பந்து இணைப்பு) வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் சேர்கிறது. மற்ற இரண்டு முனைகளும் புஷ் வழியாகச் சப்ஃபிரேமில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னால் தள்ளும். புஷ் கிழிந்திருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் கொஞ்சம் பின்வாங்கிக் கோணம் மாறிவிடும். ஸ்டியரிங் இழுத்ததற்குக் காரணம் அதுதான். மாருதி 800-ல் முன்பின் அசைவைப் பிடித்து வைப்பதே ஸ்டெபிலைசர் பார்தான் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). அதனால் அந்த வண்டியில் பார் புஷ்ஷையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டி மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நக்கிள் மேல் நிற்கும் அமைப்பு. எடை ஸ்பிரிங் வழியாக நக்கிளுக்கு வந்துவிடுவதால் ஆர்ம் அதைச் சுமப்பதில்லை. இன்னோவா கிரிஸ்டாவின் முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருக்கும், கீழ் பால் ஜாயிண்ட்டுக்கும் பாரம் உண்டு. அந்த ஜாயிண்ட்டில் ஆட்டம் பார்க்க வேண்டுமானால் ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய புஷ்ஷைத் தள்ளிப் புதியதை ஏற்றும் வேலையைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து முடித்துக் கொடுத்தார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தால் ரப்பர் நசுங்கியிருக்கும். ஆர்மைக் கையில் கொடுக்கும்போது பட்டறைக்காரர், "ஏனுங் தம்பி, வண்டி தூக்குல இருக்கறப்ப போல்ட்ட முழுசா இறுக்கிப் போடாதீங்க" என்றார்.

இந்த வேலையின் உயிரே அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. புஷ் என்பது பேரிங் மாதிரிச் சுழலாது. நடுவிலுள்ள இரும்புக் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே கிடக்கும். புது புஷ்ஷும் சீக்கிரமே கிழிந்துவிடும்.

அதனால் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து வைத்திருந்தேன். ஆர்மை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றினேன். வண்டி ஸ்டாண்டில் நிற்க, இன்னொரு ஜாக்கியால் பால் ஜாயிண்ட் பக்கத்தை அதே அளவு வரும்வரை உயர்த்தினேன். அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ரெஞ்ச்). எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும்; சர்வீஸ் மேனுவலில் போட்டிருப்பதைத் தாண்டக்கூடாது. பால் ஜாயிண்ட்டைப் பிடிக்கும் போல்ட்டுக்கு நட்டு புதிதாகவே போட்டேன்.

வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. சத்தம் இல்லை, பிரேக் நேராகப் பிடிக்கிறது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வலது பக்கத்தில் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் லிங்க்கில் லேசாக ஆட்டம் தெரிகிறது, அடுத்த வேலை அது.