மாமாவின் படகுக்குப் புது ஒயரிங்

தூத்துக்குடியில் மாமாவின் பழைய மோட்டார் படகைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். கேபின் பலகை ஊறி உப்பியிருந்தது. பெயர்த்துவிட்டு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்திலான மெரைன் பிளைவுட் போடுகிறோம். வெட்டிய ஓரத்தில் எபாக்சி பிசின் தடவாத ஒரு துண்டையும் உள்ளே விடமாட்டேன். தண்ணீர் ஏறுவதே அங்கேதான்.

அப்புறம் ஒயரிங். யாரோ வீட்டு ஒயரை இழுத்திருக்கிறார்கள். உறையைச் சீவினால் செம்பு கருத்துக் கிடக்கிறது, முனையில் பச்சைப் பொடி உதிர்கிறது. உப்புக் காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் தாங்கும். விலை கூடுதல், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 12 வோல்ட்டில் ஒயர் மெலிந்தால் விளக்கு மங்கும். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கிறது.

அடுத்து பில்ஜ் பம்ப், அதாவது படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப். தண்ணீர் ஏறினால் அதைத் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்ச்சைத் தனி ஃபியூஸ் போட்டு பேட்டரிக்கே நேராகக் கொடுக்கப்போகிறேன். மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டுப் போனாலும் பம்ப் ஓட வேண்டும்.