பேஸ்மென்ட் குளிருக்கு என்ன செய்யலாம்

மேல்வீட்டில் 23 பாகை, கீழே பேஸ்மென்டில், அதாவது நிலக்கீழ் வீட்டில், 17. ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. இரண்டு வீட்டுக்கும் சூட்டுக்காற்று அனுப்புவது ஒரே ஃபர்னஸ்தான், ஆனால் சூட்டின் அளவைப் பார்த்து அதை இயக்குகிற தெர்மோஸ்டாட் மேலே ஹோலில் இருக்கிறது, பக்கத்தில் சமையல் நடக்கிறது, ஜன்னலால் வெயிலும் விழுகிறது, ஆகவே அது சூடு போதும் என்று ஃபர்னஸை நிறுத்திவிடும். கீழே சூட்டுக்காற்று வருகிற துவாரம் பெரும்பாலும் கூரையில். வருகிற கொஞ்சச் சூடும் தலைக்கு மேலேயே நிற்க, கால் இரண்டும் கொங்கிரீட் தரையில் விறைக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் "எங்களுக்கு வேர்க்குது தம்பி, நீங்கள் சொக்ஸைப் போடுங்கோ" என்பார்.

சொக்ஸ் போடலாம்தான். ஆனால் ரொறன்ரோ நகரசபைச் சட்டப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் 21 பாகையாவது இருக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தில் அளவு 20, செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை. வாடகையோடு சூடும் சேர்த்தி என்றால் அதைத் தராமல் விட வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை, ஊர்க்காரர், சொந்தக்காரர் என்பதெல்லாம் இதில் வராது. தனி தெர்மோஸ்டாட்டும் தனி பில்லும் உங்கள் கையில் இருந்தால் கதை வேறு, அப்போது ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

சண்டைக்கு முதல் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். ஃபர்னஸ் ஃபில்டரை மாற்றி எவ்வளவு காலம்? தெர்மோஸ்டாட்டில் ஃபேனை "ஓட்டோ"வில் இருந்து "ஓன்"க்கு மாற்றலாமா? ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலந்து கீழே கொஞ்சம் சமாளிக்கலாம். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், அதுக்காகவே சிலர் விடமாட்டார்கள்.

அதுவும் சரிவரவில்லை என்றால் ஒரு வெப்பமானி வாங்குங்கள், மலிவானதே போதும். மாகாண விதிமுறையில் அளக்கிற இடம்கூடச் சொல்லியிருக்கிறது: தரையில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரம், வெளிச்சுவரில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி. ஜன்னல் விளிம்பில் வைத்து 14 என்று படம் பிடித்தால் எடுபடாது. காலையும் இரவும் திகதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு டெக்ஸ்ட் அல்லது ஈமெயில் அனுப்புங்கள். ஃபோனில் கதைத்தது காற்றோடு போய்விடும், "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று பிறகு சொன்னால் என்ன செய்வீர்கள்?

அடுத்த படி 311, நகரசபையின் ஃபோன் இலக்கம். அழைத்தால் நகரசபை அதிகாரி வந்து பார்க்கலாம். பெரிய அபார்ட்மென்ட்காரர்கள் யோசிக்காமல் அழைக்கலாம். பேஸ்மென்ட் என்றால் ஒரு சிக்கல், அந்தப் பேஸ்மென்ட் அனுமதியோடு கட்டியதா என்ற கேள்வியும் சேர்ந்து வரும், அதில் நீங்களே வீடு மாற வேண்டி வரலாம். அனுமதி இல்லாத பேஸ்மென்டில் இருக்கிறவருக்கும் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அது பலருக்குத் தெரியாது. அதனால் அப்படியான இடங்களில் நான் என்றால் முதலில் வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் போர்டுக்குத்தான் போவேன். ரி6 என்ற படிவம், பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம், திருத்தச் சொல்லி உத்தரவு கேட்கலாம், குளிருக்காக வாங்கிய சின்ன ஹீட்டரின் காசையும் கேட்கலாம், ரசீதை எறியாதீர்கள். விசாரணைக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை குளிரத்தான் செய்யும், அதுதான் இதில் எரிச்சல். சமையலறையையோ குளியலறையையோ அதே வீட்டில் இருக்கிற வீட்டுக்காரரோடு பங்குபோட வேண்டிய வாடகை என்றால் இந்த வாடகைச் சட்டமே பொருந்தாது, அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

"சூடு வரும் வரைக்கும் வாடகை இல்லை" என்று மட்டும் நிற்காதீர்கள். எல்லாரும் சொல்லித்தருகிற யோசனை இது, ஆனால் வீட்டுக்காரர் உடனே வாடகை தரவில்லை என்று என்4 நோட்டீஸ் தருவார், அதில் சொன்ன நாள் கழிந்ததும் உங்களை வீட்டைவிட்டு எழுப்ப போர்டுக்கு விண்ணப்பம் போடுவார், கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் பதில் சொல்லுகிற ஆளாகிவிடுவீர்கள்.

முறைப்பாடு போன பிறகு திடீரென்று "மகன் கல்யாணம் கட்டி வாறான், பேஸ்மென்ட் தேவை" என்று செய்தி வரும். சொந்தத் தேவைக்கு வீடு கேட்கிற என்12 என்ற படிவத்தில் குறைந்தது 60 நாள் அவகாசம் தராமல் அது செல்லாது. தந்தாலும் உடனே பெட்டி கட்ட வேண்டியதில்லை, போர்ட் உத்தரவு போட்டால்தான் எழும்ப வேண்டும், எழுப்புகிற அதிகாரமும் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரிக்குத்தான். முறைப்பாடு செய்ததற்குப் பழிவாங்கத்தான் எழுப்புகிறார் என்று தெரிந்தால் போர்ட் மறுத்துவிடும், அதற்கு அந்த டெக்ஸ்டுகளின் திகதிகள் உதவும். படிவம் கையில் கிடைத்தவுடன் உங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு எடுக்கமாட்டார்கள்.