கடைசி 0.6 விநாடி

அந்த விசில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2019 ஏப்ரல் 6. மினியாபொலிஸில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதி. எங்கள் ஆபர்ன் பல்கலைக்கழகம் 62-60 என முன்னிலை. கார் உதிரிபாகக் கம்பெனி வேலைக்காக அலபாமா வந்தவன் ‘எங்கள்’ என்கிறேன் என்றால், ஊர் அந்த அளவுக்கு ஒட்டிவிட்டது. ஜெயித்தால் டூமர்ஸ் கார்னர் நாற்சந்தி மரங்களில் டாய்லெட் பேப்பர் சுருளை வீசுவார்களே, அதில்கூட நான் முன்வரிசைதான்.

எதிரணியான வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கைல் கய் மூலையிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்தார். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. நண்பர் வீட்டில் துள்ளிக் குதித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, நடுவர் எங்கள்மேல் ஃபவுல் கொடுத்திருக்கிறார். மிச்சம் 0.6 விநாடி. யாரும் தடுக்க முடியாத, தலா ஒரு புள்ளிக்கான மூன்று ஃப்ரீ த்ரோவையும் கய் உள்ளே போட்டார். 63-62. முடிந்தது.

நண்பரின் அப்பா டிவியை அணைத்துவிட்டுத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். அவ்வளவுதானா? எங்கள் மன்னார்குடிப் பக்கம் கபடியில் இப்படி நடந்திருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். கோட்டைத் தொட்டானா, மூச்சு விட்டானா என்று நடுவரைச் சுற்றி இரண்டு ஊரும் நிற்கும். டீ வரும். கடைசியில் ஒரு பெரியவர், “சரி, மறுபடி பாடட்டும்” என்பார்.

தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். கபடி ஆடியவன், கண் கூர்மை. “அண்ணே, ஃபவுல்தாண்ணே. எறிஞ்சவன் தரையில காலை வைக்கறதுக்குள்ள உங்காளு இடுப்போட இடிச்சிட்டான்.”

திரும்பத் திரும்பப் பார்த்தேன். தம்பி சொன்னது சரி. ஆபர்னின் சமீர் டௌட்டி முன்னே பாய்ந்து, கய் இறங்க வேண்டிய இடத்துக்குள் போய்விட்டார். கடைசி நொடி என்பதற்காக நடுவர் அதை விட்டிருந்தால்தான் தப்பு.

என் கோபம் அதற்குச் சற்று முன் நடந்ததில். வர்ஜீனியாவின் டை ஜெரோம் தட்டிக்கொண்டு வந்த பந்து அவர் காலிலேயே பட்டு நழுவியது. இரண்டு கையாலும் எடுத்தார், மறுபடி தட்டினார். ‘டபுள் டிரிப்ளிங்’ என்கிற தப்பு இது; கையில் பிடித்த பந்தை மறுபடி தட்டக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். விசில் வரவில்லை. வந்திருந்தால் பந்து எங்களுக்கு; கய் எறிந்திருக்கவே முடியாது. இதையெல்லாம் திரையில் பார்த்துத் திருத்தவும் அன்றைய விதியில் இடமில்லை.

ஆபர்ன் பயிற்சியாளர் புரூஸ் பேர்ல் நடுவர்கள்மேல் பழி போடவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்தது. இங்கே விசில்தான் கடைசி வார்த்தை என்பதும் பழகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை வேலையில் எல்லோரும் அடுத்த சீசனைப் பற்றிப் பேச, என் மனசு ஊர்த் திடலில் சுண்ணாம்புக் கோட்டருகே நின்றது. மத்தியானம் தம்பி கூப்பிட்டான்.

“ஏண்ணே, யாருமே நடுவர்ட்ட போய்க் கேக்கலையா?”

“இல்லடா.”

“நம்மாளு ஒருத்தர் இருந்திருக்கணும்ணே.”